மணி எங்கே கட்டியிருக்கிறது?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரே அமர்ந்திருந்தாலும் எதிரிகள் அல்லாத எதிரணி நண்பர்களே, என் அணித் தோழர்களே, கோபாலபுரத்து மண்டபத்தை நிறைத்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, கடைசி வரிசையில் செல்போனைக் கீழே வைக்காமலே கைதட்டும் தம்பிகளே!

"வீடியோ கேம் தயாரிப்பவர்கள், அதை ஆடுகிறவர்களோடு பேச ஏற்ற இடம் சொந்த மன்றமா, சமூக வலைத்தளமா?" இதுதான் இன்றைய தலைப்பு. வீட்டிலே சொன்னேன். "தமிழ் வாத்தியாருக்கும் வீடியோ கேமுக்கும் என்னங்க சம்பந்தம்?"னு கேட்டாங்க. "தலைப்பிலே மன்றம்னு ஒரு சொல் இருக்கும்மா. சங்க காலத்திலேருந்து அது நம்ம சொத்து. அதை விட்டுக் கொடுக்க முடியாது"ன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். (சிரிப்பு)

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். எங்க காலத்திலே கேரம் போர்டு வாங்கினோம். வாங்கினதோட கடைக்காரருக்கும் நமக்கும் உறவு முடிஞ்சுது. போர்டு செஞ்சவர் ராத்திரியிலே வீட்டுக்குள்ளே வந்து, "நாளையிலேருந்து சிவப்புக் காய்க்குப் பாதி மதிப்புதான்"னு மாத்திட்டுப் போக மாட்டார். இன்றைய விளையாட்டு அப்படியில்லை. விற்ற பிறகும் அதன் சாவி தயாரித்தவன் கையில்தான் இருக்கிறது. நேற்று காசு கொடுத்து வாங்கிய வாளின் கூர்மையை இன்று குறைக்கலாம். விதியை மாற்றலாம். கணக்கையே முடக்கலாம். சாவி அவனிடம் இருப்பதால்தான் பதில் சொல்லும் கடமையும் அவனிடம் இருக்கிறது. அந்தப் பதிலை எங்கே சொல்வது? அதுதான் வழக்கு.

எதிரணித் தலைவி அம்மா அழகாகச் சொன்னார்: "மக்கள் எங்கே இருக்கிறார்களோ, அங்கே போய்ப் பேசு." கேட்க இனிமையாக இருக்கிறது. நான் ஒரு கேள்வி கேட்கிறேன் அம்மா. திருவாரூரில் மனுநீதிச் சோழன் ஆராய்ச்சி மணியை எங்கே கட்டினான்? சந்தையிலா? தேரோடும் வீதியிலா? அரண்மனை வாசலில் கட்டினான். ஏன்? யார் இழுத்தாலும் உள்ளே கேட்க வேண்டும். இழுத்தவர் யார் என்று பார்க்காமல் அரசன் எழுந்து வர வேண்டும். அந்த மணியை இழுத்தது ஒரு பசு. கன்றை இழந்த பசு. அந்தப் பசுவுக்கு எத்தனை ஃபாலோயர்? (பலத்த கைதட்டல்)

என் வழக்கு முழுவதும் இந்த ஒரு கேள்விதான் நடுவர் அவர்களே. ஃபாலோயர் இல்லாத பசுவுக்கு நீதி எங்கே கிடைக்கும்?

என் தம்பி மகன். பிளஸ் ஒன் படிக்கிறான். பாக்கெட் மணி சேர்த்து 400 ரூபாய்க்கு ஒரு விளையாட்டிலே ஏதோ சட்டை வாங்கினான். காசு போச்சு, சட்டை வரலை. "கம்பெனியைக் கேளேண்டா"ன்னேன். "எழுதிட்டேன் பெரியப்பா. ஆனா எனக்கு 12 ஃபாலோயர்தான். அதுல நாலு பேர் நம்ம குடும்பம்"ங்கிறான். (சிரிப்பு) அதே வாரம், அதே குறை, லட்சம் பேர் பின்தொடர்கிற ஒரு அண்ணனுக்கு வந்திருக்கு. அவர் ஒரு வரி போட்டார். உடனே மன்னிப்பு, உடனே சட்டை, கூடவே ஒரு தொப்பி! நம்ம பையன் என்ன சொன்னான் தெரியுமா? "அவருக்குக் கொடுத்தாங்கல்ல பெரியப்பா, அப்ப கம்பெனி நல்ல கம்பெனிதான்." அநியாயம் நடந்ததைவிட, அதை இயல்பு என்று பிள்ளைகள் பழகிக் கொள்வதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பதினாறு வயதிலேயே "கூட்டம் இருந்தால்தான் குரல் எடுபடும்" என்று ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால், நாளைக்கு அவன் எந்த அலுவலக வாசலில் உரிமையோடு நிற்பான்?

அடுத்து எதிரணித் தம்பி வேகத்தைப் பற்றிப் பேசினார். "மன்றத்திலே எழுதினா பதில் வர நாளாகும். வலைத்தளத்திலே நொடியிலே வரும்." வாஸ்தவம். நொடியில் வந்த ஒரு பதிலை நான் சொல்கிறேன்.

பாண்டியன் நெடுஞ்செழியன் கோவலன் வழக்கை எங்கே முடித்தான்? அவையிலா? இல்லை. அரசியின் ஊடலைத் தீர்க்க அந்தப்புரம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். வழியில் பொற்கொல்லன் வந்து ஒரு சொல் சொன்னான். நடந்த நடையிலேயே அரசன் ஒரு பதில் போட்டான். அவ்வளவுதான். கோவலன் உயிர் போயிற்று. வேகமான பதில்தானே? மன்றத்தில் விசாரித்திருந்தால் சிலப்பதிகாரம் அந்த இடத்திலே வேறு மாதிரி திரும்பியிருக்காதா? (கைதட்டல்)

பிறகு கண்ணகி வந்தாள். ஒற்றைச் சிலம்போடு மதுரைத் தெருவெல்லாம் சுற்றிக் கதறினாள். அது ஊர்சூழ்வரி. ஊர் அழுதது. இன்றைய மொழியில் சொன்னால் எல்லோரும் ஷேர் பண்ணினார்கள். ஆனால் தீர்ப்பு வந்ததா? வரவில்லை. அரண்மனை வாயிலுக்குப் போய், அவைக்குள் நின்று, சிலம்பை உடைத்து, உள்ளே இருந்த மாணிக்கப் பரல் தெறித்த பிறகுதான் அரசன் தன் பிழையை உணர்ந்தான். அது வழக்குரை காதை. தெரு கண்ணீர் கொடுத்தது. மன்றம்தான் தீர்ப்புக் கொடுத்தது. அந்த அவையிலே கண்ணகி தன் ஊர்ப் பெருமை சொல்லும்போது எதைச் சொல்கிறாள்? அந்தப் பசு இழுத்த மணியைத்தான் சொல்கிறாள்!

"புராணம் போதும், வீடியோ கேமுக்கு வாங்க"ன்னு தம்பி சைகை காட்டுகிறார். வருகிறேன்.

2017 நவம்பர். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய அமெரிக்கக் கம்பெனி. ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 என்ற விளையாட்டு. முழு விலை கொடுத்து வாங்கியவருக்கே டார்த் வேடர் என்ற முக்கியப் பாத்திரம் பூட்டியே இருந்தது. பல மணி நேரம் ஆடினால்தான் திறக்கும். ஒருவர் ரெடிட் தளத்தில் கோபப்பட்டார். கம்பெனி அங்கேயே பதில் சொன்னது: பாடுபட்டுத் திறந்தால்தான் உங்களுக்குப் பெருமையாக இருக்குமாம்! அந்த ஒரு பதிலுக்கு எதிராக விழுந்த வாக்கு 6 லட்சத்துக்கும் மேலே. கின்னஸ் சாதனையாகவே பதிவாயிற்று. விளையாட்டு வெளியாவதற்கு முந்தைய நாள், உள்ளே காசுக்கு வாங்கும் வசதியையே கம்பெனி நிறுத்தி வைத்தது.

எதிரணி இதை வெற்றி என்று சொல்லும். ஆம், வெற்றிதான். ஆனால் அந்த வெற்றிக்கு 6 லட்சம் பேர் தேவைப்பட்டார்கள். ஆறு பேருக்கு மட்டும் நடந்த அநியாயம் என்றால்?

இப்போது மன்றத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2010 ஜூலை. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் தயாரித்த பிளிஸார்ட் கம்பெனி, "இனி எங்கள் மன்றத்தில் எழுதுபவர் சொந்தப் பெயரோடுதான் எழுத வேண்டும்" என்று அறிவித்தது. ஆடுகிறவர்கள் அதே மன்றத்தில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். முக்கியமாகப் பெண்கள் கேட்டார்கள்: "எங்கள் பெயர் தெரிந்தால் வீடு வரைக்கும் வந்துவிடுவார்களே, அதற்கு யார் பொறுப்பு?" மூன்றே நாள். கம்பெனித் தலைவர் அதே மன்றத்தில் எழுதி, அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். கேள்வி ஒரே இடத்தில், பதிலும் அதே இடத்தில். மன்றம் தூங்கும் இடம் என்று யார் சொன்னது?

இன்னொன்று. நோ மேன்ஸ் ஸ்கை என்று ஒரு விளையாட்டு, 2016 ஆகஸ்டில் வந்தது. வருவதற்கு முன்னால் பேட்டியிலும் டி.வி.யிலும் வாக்குறுதி மேல் வாக்குறுதி. வந்த பிறகு பார்த்தால் சொன்னதில் பல இல்லை. ஜனங்கள் கொதித்தார்கள். தயாரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நவம்பரில் முதல் பெரிய திருத்தம் வந்தது. எப்படி? தங்கள் சொந்தத் தளத்தில், "இது சேர்த்தோம், இது சரி செய்தோம்" என்று வரிசை வரிசையாகப் பட்டியல். 2018-இல் எல்லோரும் சேர்ந்து ஆடும் வசதியும் வந்தது. இழந்த பெயரை அவர்கள் மீட்டது வெறும் பேச்சால் அல்ல. யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கக் கூடிய பட்டியலால்!

நம்ம ஊருக்கு வருவோம். 2015 டிசம்பர் வெள்ளம். "அன்றைக்குச் சமூக வலைத்தளம்தானே சென்னையைக் காப்பாற்றியது?" என்று கேட்டார்கள். அதை மறுத்தால் நான் மனுஷனே இல்லை. எங்கே சோறு, எங்கே படகு, எந்த மாடியில் கர்ப்பிணிப் பெண் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கொண்டார்கள். வீடு பற்றி எரியும்போது தெருவில்தான் கூவ வேண்டும். ஆனால் அதே வெள்ளத்தில் வேறு என்ன வந்தது? "250 சென்டிமீட்டர் மழை வரப்போகுது, நாசா சொல்லிடுச்சு"ன்னு வந்தது. நாசா சொல்லவில்லை. "முதலைப் பண்ணையிலேருந்து முதலையெல்லாம் தப்பிச்சு ஊருக்குள்ளே வந்துடுச்சு"ன்னு வந்தது. ஒரு முதலையும் வரவில்லை. இடுப்பளவு தண்ணியிலே நிக்கிறவன் மழைக்குப் பயப்படுவானா, முதலைக்குப் பயப்படுவானா? (சிரிப்பு) அந்த நேரத்திலே "இல்லை, எங்கள் முதலைகள் பத்திரமாக இருக்கின்றன" என்று பண்ணைக்காரர்களே சொல்ல வேண்டியிருந்தது. உரியவர் சொல்லும் சொல்லுக்குத்தான் அந்தப் பயத்தைப் போக்கும் வலிமை உண்டு.

விளையாட்டு உலகிலும் அப்படித்தான். பப்ஜிக்குப் பிறகு வந்த பி.ஜி.எம்.ஐ., 2022 ஜூலை கடைசியில் ஆப் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. திரும்பி வந்தது 2023 மே மாதம். நடுவிலே பத்து மாதம் யூடியூபிலே தினமும் "நாளைக்கு வருது, நாளைக்கு வருது." நம்ம பிள்ளைகள் பரீட்சை தேதியைக்கூட அவ்வளவு ஆவலாப் பார்த்ததில்லை!

அடுத்து ஒரு முக்கியமான செய்தி. சமூக வலைத்தளம் யாருடைய வீடு? சென்னையில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். "ராத்திரி பத்து மணிக்கு மேலே மோட்டார் போடாதே, சுவத்துலே ஆணி அடிக்காதே, சொந்தக்காரங்க வந்தா ரெண்டு நாள்தான்." (பலத்த சிரிப்பு) டிக்டாக்கில் கூட்டம் சேர்த்தவர்கள் இருந்தார்கள். 2020 ஜூன் 29-ஆம் தேதி தடை வந்தது. சேர்த்த கூட்டமெல்லாம் ஒரே ராத்திரியில் காணோம். 2023 ஜூலையில் ட்விட்டர் முதலாளி, "காசு கட்டாதவர் ஒரு நாளைக்கு 600 பதிவுதான் பார்க்கலாம்" என்றார். அதே மாதம் வீட்டின் பெயரையே எக்ஸ் என்று மாற்றினார். பிறருடைய வாசலில் உங்கள் மணியைக் கட்டினால், வீட்டுக்காரர் கதவைப் பூட்டும்போது மணியும் உள்ளே போய்விடும் ஐயா!

இதே கோபாலபுரத்தில் வாழ்ந்த கலைஞர் தன் தொண்டர்களோடு எப்படிப் பேசினார்? முரசொலியில் கடிதம் எழுதினார். பிற்காலத்தில் முகநூலுக்கும் வந்தார், ட்விட்டருக்கும் வந்தார். ஆனால் கடிதத்தை விடவில்லை. ஆயிரக்கணக்கான கடிதங்கள் தொகுதி தொகுதியாக இன்றும் கையில் கிடைக்கின்றன. அவரை ஏற்பவரும் எடுத்துக் காட்டலாம், எதிர்ப்பவரும் "அன்று இப்படிச் சொன்னீர்களே" என்று எடுத்துக் காட்டலாம். சொந்த இடத்தில் சொன்ன சொல்லுக்கு அந்தப் பொறுப்பு வந்து சேர்கிறது.

நடுவர் அவர்களே, கடைசியாக ஒரு கேள்வி. எதிரணி இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். அந்தச் சமூக வலைத்தளக் கம்பெனி மீதே எனக்குக் குறை இருந்தால் எங்கே போவது? 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் என்ன சொல்கின்றன? அந்தக் கம்பெனிகள் ஒரு குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும். அவர் பெயரையும் தொடர்பு விவரங்களையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்தது என்று 24 மணி நேரத்தில் சொல்ல வேண்டும். குறித்த நாளுக்குள் தீர்க்க வேண்டும். பார்த்தீர்களா? சமூக வலைத்தளத்துக்கே கடைசியில் ஒரு மணி கட்ட வேண்டியிருக்கிறது! (நீண்ட கைதட்டல்)

இன்றைக்கும் ஒவ்வொரு மாவட்டத்திலும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் மனுவோடு நிற்கிறார்கள். சென்னையில் தெருவிளக்கு எரியவில்லை என்றால் 1913-க்குப் போன் செய்கிறோம். ஏன்? கையில் ஒரு புகார் எண் கிடைக்கிறது. "போன மாசம் கொடுத்த மனு என்னாச்சு?"ன்னு அந்த எண்ணை வைத்துக் கேட்கலாம். ஓடிப்போன பதிவை வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது?

மன்றத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. மன்றத்தைத் திறந்து வைத்துவிட்டு எட்டிப் பார்க்காத கம்பெனி இருக்கிறது. "கூட்டம் வேறு இடத்துக்குப் போய்விட்டது" என்று 2016-இல் பயோவேர் போல மன்றத்தையே மூடியவர்களும் இருக்கிறார்கள். கயிறு அறுந்தால் கயிற்றை மாற்ற வேண்டும். மணியைக் கழற்றி எடைக்குப் போடக் கூடாது.

வலைத்தளமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. புது விளையாட்டு வருகிறதா, ஆட்டோவில் மைக் கட்டி ஊரெல்லாம் அறிவிக்கட்டும். ஆனால் ஆடுகிறவன் குறையைக் கேட்பதும், பதில் சொல்வதும், சொன்ன பதிலை அழியாமல் வைத்திருப்பதும் மன்றத்தில் நடக்கட்டும்.

பன்னிரண்டு ஃபாலோயர் உள்ளவனும் பன்னிரண்டு லட்சம் ஃபாலோயர் உள்ளவனும் ஒரே வரிசையில் நிற்கும் இடம் எதுவோ, அதுதான் பேச ஏற்ற இடம். அது சொந்த மன்றமே, மன்றமே, மன்றமே என்று கூறி, நடுவரிடமிருந்து நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன்.