சட்டமன்றம் இல்லாத தீவுகள்

1956 நவம்பர் 1 முதல் யூனியன் பிரதேசமாக விளங்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் சட்டமன்றம் கிடையாது. ஆகவே, வடக்கே திக்லிப்பூர் முதல் தெற்கே கேம்ப்பெல் பே வரை வாழும் தமிழர், வங்காளியர், நிக்கோபாரியர் அனைவருக்காகவும் நாடாளுமன்றத்தில் பேசவேண்டிய பொறுப்பு, மக்களவையிலுள்ள ஒரே ஓர் உறுப்பினரையே சார்ந்திருக்கிறது.

கப்பல் வசதி குறித்தோ குடிநீர் குறித்தோ அவர் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்புடன் வினா ஒன்றை அனுப்பினால், அரசியலமைப்பின் 98-ஆவது விதிப்படி தனித்து இயங்கும் மக்களவைச் செயலகத்தின் ஊழியர்கள் அதனை விதிகளோடு ஒப்பிட்டுப் பரிசீலித்து, எவருக்கும் பட்சபாதமின்றிக் குலுக்கலில் சேர்த்து, வாய்மொழி விடைக்குரிய நட்சத்திரக் குறியிட்ட 20 வினாக்களை அன்றைய பட்டியலில் அச்சிடுகிறார்கள். உத்தரப்பிரதேசத்தின் 80 உறுப்பினர்கள் நடுவிலும் தீவின் ஒற்றைக் குரலுக்குச் சமவாய்ப்பளிக்கும் இந்த நியாயம், வெளியே பெயர் தெரியாத அவ்வூழியர்களின் சிரத்தையால் நிலைபெறுவது; நான் அதனை மகத்தான சேவையென்றே கருதுகிறேன்.

சாமானியரும் மக்களவைக்கு மனுச் செய்யலாம். தீவுவாழ் தமிழன்பர்களே, தமிழிலேயே எழுதுங்கள். இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பொன்றைக் கையொப்பத்துடன் இணைத்துவிடுங்கள்.