டிபன்பாக்ஸ் மூடி

(தென்னேரியில் கல்லூரி மாணவர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பெரிய பேச்சாளன் கிடையாது. பகலெல்லாம் வங்கிக் கவுண்டரில் சலான் பார்க்கிறவன், ராத்திரியில் கவிதை எழுதிப் பார்க்கிறவன். பண்பாடும் வாசிப்பும் பற்றிப் பேசச் சொன்னார்கள். எழுதிக் கொண்டுவந்த கட்டுரை பையிலேயே இருக்கட்டும். உள்ளே நுழையும்போது ஒரு தம்பி, நோட்டிலிருந்து கிழித்த தாளைக் கையில் கொடுத்தார். பேரைச் சொல்ல வேண்டாம் என்றார். அதில் மூணு கேள்வி இருக்கிறது.

ஒண்ணு: ‘அண்ணே, நான் மாட்டுக்கறி சாப்பிடுறவன்னு ஹாஸ்டல்ல யாருக்கும் தெரியாது. சொல்லணுமா, வேணாமா?’ ரெண்டு: ‘குடிக்கிறது நம்ம பண்பாடு, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்லன்னு ஒருத்தர் சொல்றார். எங்க அப்பா தினமும் குடிக்கிறார். அது பண்பாடா?’ மூணு: ‘படிக்கப் படிக்க வீட்டை விட்டுத் தூரமாப் போற மாதிரி இருக்கு. அப்போ நான் யாரு?’

இந்த மூணுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரிந்தது என்றால், பட்டது.

நான் கல்லூரிக்குப் போன மூன்று வருஷமும் டிபன்பாக்ஸ் மூடியை முழுசாகத் திறந்ததில்லை. பாதி மூடியை நிமிர்த்தி வைத்து, அதற்குப் பின்னால் கையை விட்டுச் சாப்பிடுவேன். எங்க ஆயா வறுத்துக் கொடுத்த உப்புக்கண்டம் அதில் இருக்கும். வாசனை பிடித்து ஒருத்தன் கேட்டான், ‘இன்னாடா, கருவாடா?’ ‘ஆமா, கருவாடு’ என்றேன். மூணு வருஷம் எங்க ஆயா கைப்பக்குவம் கருவாடாகவே இருந்தது. ‘துன்னியா’ என்று வீட்டில் கேட்கிற வாய், கல்லூரி வாசலில் ‘சாப்பிட்டியா’ என்று மாறிவிடும். வங்கி வேலைக்கு வந்த பிறகும் அதே கதைதான். ‘நீங்க வெஜ்ஜா?’ என்று சக ஊழியர் கேட்டார். ‘செவ்வாய், வெள்ளி மட்டும்’ என்றேன். எங்க வீட்டில் செவ்வாயும் கிடையாது, வெள்ளியும் கிடையாது.

யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. நானே மூடியை நிமிர்த்திக்கொண்டேன். சாதி அப்படித்தான் வேலை செய்கிறது. காவலுக்கு ஆள் போட வேண்டியதில்லை, நம்மையே நமக்குக் காவலாகப் போட்டுவிடும்.

அம்பேத்கர் தன் சின்ன வயசுச் சம்பவம் ஒன்றை எழுதியிருக்கிறார். 1901. அவருக்கு ஒன்பது, பத்து வயசு. அப்பா வேலை பார்த்த கோரேகாவுக்கு அண்ணன், அக்கா பிள்ளைகளோடு போகிறார். கூடை நிறையச் சாப்பாடு இருக்கிறது. ஆனால் வழியில் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. தண்ணீர் இல்லாமல் எப்படிச் சாப்பிடுவது? சோறு கையிலிருக்க, பிள்ளைகள் பட்டினியாகப் படுத்தார்கள். பிறகு 1927 மார்ச் 20இல் மகாடில், சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தாரே, அந்தக் கைக்கு 1901இன் தாகம் ஞாபகம் இருந்திருக்கும். நம்ம பக்கம் வேங்கைவயலில், 2022 டிசம்பரில், தலித் மக்கள் குடிக்கிற தொட்டித் தண்ணீரில் மலம் கலந்து கிடந்தது. சோறும் தண்ணீரும் நமக்கு எப்போதுமே வெறும் சோறும் தண்ணீருமாக இருந்ததில்லை.

இப்போது ஒரு சிக்கலான இடத்துக்கு வருகிறேன். அதே மகாடில் அம்பேத்கர் என்ன சொன்னார்? செத்த மாட்டைத் தின்பதை விடுங்கள் என்றார். ஆனால் 2012 ஏப்ரல் 15இல் ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் தலித் மாணவர்கள் மாட்டுக்கறித் திருவிழா நடத்தினார்கள். எதிர்ப்பாளர்கள் தாக்கினார்கள், போலீஸ் கண்ணீர்ப் புகை வீசியது. ‘உங்க தலைவரே வேணாம்னு சொன்னாரு, நீங்க விழா எடுக்கிறீங்களா?’ என்று கேட்பார்கள். உங்களையும் கேட்பார்கள்.

பதில் இருக்கிறது. 1927இல் விடச் சொன்னது கறியை மட்டும் அல்ல, நம் மேல் எறியப்பட்டதை. ஊரில் மாடு செத்தால் நீதான் தூக்க வேண்டும், அதைத்தான் தின்ன வேண்டும் என்கிற கட்டாயத்தை. அதே அம்பேத்கர் 1948இல், தீண்டப்படாதவர்கள் யார் என்று ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதினார். பௌத்தத்தை விடாத உதிரி மக்கள், மற்றவர்கள் மாட்டுக்கறியை விட்ட பிறகும் விடாததால்தான் தீண்டாமைக்குள் தள்ளப்பட்டார்கள் என்று வாதிட்டார். அதாவது நம் தட்டு அசிங்கம் இல்லை, அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது என்றார். அந்தப் புத்தகத்தை மூன்று பேர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். அதில் ஒருவர் நம்ம நந்தனார்.

நந்தனாரைப் பற்றி, நம்ம பக்கத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் என்ன சொல்கிறார்? கோயில் பேரிகைக்குத் தோல் கொடுத்தார், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தார், பூசைக்குக் கோரோசனை கொடுத்தார். தோல் உள்ளே போனது. நரம்பும் கோரோசனையும் உள்ளே போயின. நந்தனார் வெளியே நின்றார். காஞ்சிபுரத்துப் பட்டையே பாருங்கள். கூட்டுக்குள் புழுவைக் கொன்றுதான் நூல் எடுக்கிறார்கள். அதைக் கட்டிக்கொண்டால் மடி, சுத்தம். நாம் ஒரு துண்டு கறி தின்றால் தீட்டு. உயிர் மேல் இருக்கிற அக்கறை இல்லை இது. யார் கை பட்டது என்பதுதான் கணக்கு.

2022 மே மாசம், ஆம்பூர் பிரியாணித் திருவிழா என்று திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. ஆட்டுக்கறி உண்டு, கோழி உண்டு, மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு இல்லையா என்று கலெக்டருக்கு நோட்டீஸ் அனுப்பியது. மழையைக் காரணம் சொல்லி விழா தள்ளிப்போனது. பாருங்கள், காஞ்சிபுரம் இட்லிக்கு ஊர்ப் பேர் இருக்கிறது. நம்ம உப்புக்கண்டத்துக்கு எந்த ஊரும் பேர் கொடுக்கவில்லை. மாட்டைத் தள்ளிவிட்டுப் போனது அவர்கள். உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில் காயப்போட்டு, மழைக்காலப் பட்டினிக்கு உணவாக்கினது நம்ம ஆயாக்கள். எறிந்ததை விடுவோம், ஆக்கினதை விட வேண்டியதில்லை.

இனி ரெண்டாவது கேள்வி. தம்பி, குடிக்கும் இதே அளவுகோல்தான். சாவுக்கு மோளம் அடிக்கப் போனால் காசோடு சாராயமும் கொடுத்தார்களே, அது யார் பண்பாடு? கூலியைப் பாதியாக்கி மீதியைப் போதையாகக் கொடுத்தது ஆண்டைகளின் பண்பாடு. 2003லிருந்து டாஸ்மாக் மூலமாக அரசாங்கமே கடை போட்டு விற்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதில் பலர் தலித் கூலித் தொழிலாளிகள். எங்க சித்தப்பா செத்தது இப்படி ஒரே நாளில் இல்லை, பன்னிரண்டு வருஷத்தில். சித்தி செங்கல் சூளைக்குப் போய்ப் பிள்ளைகளைக் காப்பாற்றினாங்க. அந்தச் சித்தியைக் கேட்காமல் குடியைக் கலகம் என்று எழுதுகிற கட்டுரை எதுவும் எனக்குக் கட்டுரையாகத் தெரியவில்லை. உங்க அப்பாவைக் கேவலமாப் பார்க்காதீங்க. அதே சமயம் அதைப் பண்பாடுன்னு சொல்றவங்களை நம்பவும் வேணாம்.

மூணாவது, வாசிப்பு. இந்தத் தென்னேரிக்குத் திரையனேரி என்று பழைய பேர் சொல்வார்கள். தொண்டைமான் இளந்திரையன் பேர் அது. அவனைப் பாடினதுதான் பெரும்பாணாற்றுப்படை. பசித்த பாணனுக்கு வழியில் யார் யார் வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிறது அந்தப் பாட்டு. எயினர் வீட்டில், நாய் பிடித்துக் கொடுத்த உடும்பின் கறியோடு சோறு. வலைஞர் வீட்டில், அரிசியைப் புளிக்கவைத்த கள்ளும் சுட்ட மீனும். அந்தணர் வீட்டில் மாதுளங்காயும் வெண்ணெயும் மாவடுவும். எல்லாம் ஒரே பாட்டில், ஒரே மரியாதையில்.

உடனே சங்ககாலம் பொற்காலம் என்று கொடி பிடிக்க வேண்டாம். அதே பாட்டில் அந்தணர் வீட்டுப் பக்கம் நாயும் கோழியும் அண்டாது, கிளி வேதம் சொல்லும் என்று இருக்கிறது. எயினர் வீட்டுக்கு உடும்பு பிடித்துக் கொடுக்கிற நாய்க்கு அங்கே வாசலிலும் இடமில்லை. கதவு அப்போதே பாதி சாத்தியிருக்கிறது. நாம் வாசிக்கிறபோது இந்த ரெண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

அந்த உடும்பு வருகிற இடத்தை எங்க ஆயாவுக்குப் படித்து அர்த்தம் சொன்னேன். பொக்கை வாயால் சிரித்துவிட்டுச் சொன்னது: ‘உங்க தாத்தா கூட அந்தக் காலத்துல புடிச்சாந்து குடுத்துக்கீறாரு. அத்தப் போயி பாட்டுல எழுதி வெச்சிக்கிறானா? அப்ப நான் கூடப் புலவர்தான்டா.’ அப்புறம் அது எப்படிச் சமைக்கணும் என்று ஒரு மணி நேரம் சொன்னது. பட்டப்படிப்பு முடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் நான் படித்த படிப்பு எங்க வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தது.

1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது, 1993இல் ராஜ் கௌதமனின் ‘தலித் பண்பாடு’ வந்தது. நூலகத்தில் தேடிப் படியுங்கள். படித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். வாசிப்பு வீட்டை விட்டுத் தூரமாக்குகிறது என்றால், பாதி வழிதான் வந்திருக்கிறோம் என்று அர்த்தம். திரும்பி நடக்கிற பாதி இன்னும் இருக்கிறது.

கடைசியாக, முதல் கேள்வி. ஹாஸ்டலில் சொல்லணுமா? 2017 மே மாசம் சென்னை ஐஐடியில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட ஆராய்ச்சி மாணவர் ஒருவரைக் கண்ணில் காயம் படும்படி அடித்தார்கள். அதனால் வீரத்தைக் காட்டு என்று மேடையில் நின்று நான் சொல்ல மாட்டேன். அடி வாங்கப் போவது நீங்கள். சொல்லாமல் இருக்கலாம், அது உங்க பாதுகாப்பு. ஆனால் சொல்லாமல் இருப்பது வேறு, கருவாடு என்று சொல்வது வேறு. நான் செய்தது ரெண்டாவது.

ஆயா செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குப் போனேன். பரணில் அது கடைசியாகக் காயவைத்த உப்புக்கண்டம் கொஞ்சம் இருந்தது. வறுத்து எடுத்துப்போனேன். மத்தியானம் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் மல்லாத்தி வைத்தேன். வழக்கம்போல ஒருத்தர் கேட்டார், ‘என்ன சார், கருவாடா?’ ‘இல்ல சார், மாட்டுக்கறி. எங்க ஆயா செஞ்சது’ என்றேன். ஒருத்தர் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். இன்னொருத்தர் ஒரு துண்டு கேட்டார். மற்றவர்கள் பேசாமல் சாப்பிட்டார்கள்.

அவ்வளவுதான் நடந்தது. அதற்காகப் பத்து வருஷத்துக்கு மேல் பயந்திருக்கிறேன்.

ஜெய்பீம்.