வாசல் வரைக்கும் போகும் மருமகள்கள்

சேலையூர்ல எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து பேசறேன். நடுவுல ஏர்ஃபோர்ஸ் விமானம் குறுக்கே வந்தா பொறுத்துக்குங்க.

நல்லா ஆரம்பிக்கிற சீரியல் ஏன் போகப்போக சவசவன்னு ஆயிடுது? இந்தக் கேள்விக்கு எனக்கு உடனே ஞாபகம் வர்றது 'எதிர்நீச்சல்'. 2022 பிப்ரவரியில சன் டிவியில ஆரம்பிச்சது. ராத்திரி ஒன்பதரைக்கு யார் போன் பண்ணினாலும் எங்கம்மா எடுக்க மாட்டாங்க.

கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆதி குணசேகரன்னு ஒரு மூத்த அண்ணன். படிச்ச பெண்களாப் பார்த்து மருமகளாக் கொண்டுவந்து சமையல்கட்டுக்குள்ள முடக்கிப்போடற வீடு. கடைசியா வந்த ஜனனி எதிர்த்துக் கேள்வி கேட்கிறா. எங்கம்மா பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. கல்யாணத்துக்கு முன்னாடி குரோம்பேட்டையில ஒரு லேப்ல எட்டு மாசம் வேலை பார்த்தவங்க. ஏன் போன் எடுக்கலைன்னு அப்ப எனக்குப் புரியல.

2023 செப்டம்பர் 8-ம் தேதி, அந்த சீரியலுக்கு டப்பிங் பேசிட்டு இருந்தப்பவே மாரிமுத்துவுக்கு உடம்பு முடியாமப் போய், இறந்துட்டார். குணசேகரனா அவர் சொன்ன "இந்தாம்மா ஏய்" ஊரெல்லாம் மீம்ஸா ஓடிட்டு இருந்த நேரம். அப்புறம் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். 2024 ஜூன்ல சீரியல் முடிஞ்சது. மாரிமுத்து போனதாலதான் விழுந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. பெரிய இழப்புதான், மறுக்கல. ஆனா சரிவு அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுச்சுன்னு எங்கம்மா சொல்வாங்க: "சனிக்கிழமை வாசல் வரைக்கும் போறாளுங்க. திங்கட்கிழமை பார்த்தா திரும்ப அடுப்படியில நிக்கிறாளுங்க."

விஷயமே அதுதான். அந்தப் பெண்கள் நிஜமா வெளிய போயிட்டா கதை முடிஞ்சிடும். வியாழக்கிழமை வர்ற டிஆர்பி நல்லா இருக்கிற வரைக்கும் கதையை முடிக்க யாருக்கும் மனசு வராது. அதனால ஜெயிச்ச ஒவ்வொரு தடவையும் ஒரு கையெழுத்து, ஒரு கடத்தல், ஒரு நெஞ்சுவலின்னு எதையாவது கொண்டுவந்து அவங்களைப் பழைய இடத்துலயே உட்கார வைக்கணும். இயக்குநர் திருச்செல்வத்துக்கு எழுதத் தெரியாதுன்னு நான் சொல்ல மாட்டேன். 'கோலங்கள்' எடுத்தவர் அவர். 2003-லேர்ந்து 2009 வரைக்கும், 1500 எபிசோடுக்கு மேல! ஆனா முடிவு எந்த வருஷம்னே தெரியாம எழுதறவங்க எதை நோக்கிக் கதையை நகர்த்துவாங்க?

தூர்தர்ஷன் காலத்துல பதிமூணு வாரம்னு ஒரு கணக்கு இருந்துச்சு. அது அரசாங்கக் கட்டுப்பாடு, எரிச்சலாத்தான் இருந்திருக்கும். ஆனா எழுதறவருக்குக் கடைசிப் பக்கம் கண்ணுல தெரியும். அப்புறம் வந்த தனியார் சேனல்லயும், நாகா இயக்கின 'விடாது கருப்பு'ல கொலை பண்றது யாருன்னு ஒரு நாள் சொல்லித்தான் ஆகணும். அங்க ஒவ்வொரு வாரமும் எதையாவது உடைச்சாங்க, திரும்ப ஒட்ட வைக்கல. வெளிநாட்டுலயும் இதே கதைதான். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' புத்தகம் இருந்த வரைக்கும் நல்லா போச்சு. எழுதி முடிக்காத இடத்தைத் தாண்டினதும் ரசிகர்கள் திட்ட ஆரம்பிச்சாங்க. ஆனா அவங்க எட்டு சீசனோட நிறுத்திட்டாங்க, அது வேற.

2024 டிசம்பர்ல 'எதிர்நீச்சல் தொடர்கிறது' வந்துச்சு. அம்மா டிவி போடல. ஒரு நாள் நான் மொபைல்ல பார்த்துட்டு இருந்தப்ப சமையல்கட்டுலேர்ந்து கேட்டாங்க, "இந்தத் தடவையாவது வெளிய போயிட்டாளுங்களாடா?"

"இன்னும் இல்லம்மா"ன்னேன்.

"போனா கூப்பிடு"ன்னுட்டு குக்கரை இறக்கப் போயிட்டாங்க.