காவலும் வளர்ச்சியும்

முல்லைத்தீவுக்குத் தெற்கே, அளம்பிலுக்கும் கொக்கிளாய்க்கும் இடையே நாயாற்றுக் களப்பு கிடக்கின்றது. கீழ்க்கரைக் களப்புகளுக்கு ஓர் இயல்பு உண்டு. வேனிலில் அலை மணலைக் கொணர்ந்து தொடுவாயை அடைக்கும்; மாரியில் வெள்ளம் பெருகி அம்மணலை உடைக்கும். அடைப்பு உள்ளவரை களப்பு அமைதியாயிருக்கும். ஆயினும், கடலிற் பொரித்த இறாற்குஞ்சு உள்ளே புகுந்து வளரவேண்டுமாயின் வாய் திறந்தேயாகவேண்டும். திறவாத களப்பும் காவலுடையதுதான். அங்கே வலைக்குத்தான் வேலையில்லை.

கிறிஸ்தவ வாழ்வில் காவல் என்பது யாது? தீங்கு அணுகாதிருத்தலே இறைவனின் காவல் என எண்ணுதல் எளிது. அவ்வாறு வேண்டுதலிலும் குற்றமில்லை; கடலுக்குச் சென்ற கணவனுக்காக மனைவி வேறெதனை வேண்டுவாள்? ஆனால், 1984 மார்கழியில் கொக்கிளாய், நாயாற்றுப் பக்கத்து மக்கள் போர்ச்சூழலால் ஊரை விட்டு அகன்றபோது, செபமாலை ஏந்தியவர்க்கும் ஏந்தாதவர்க்கும் வழி ஒன்றாகவே இருந்தது. 2004 மார்கழி 26 இல், கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிறு காலையில் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. வேண்டினோரும் மாண்டனர், வேண்டாதோரும் மாண்டனர். இவற்றைக் கண்ட கரைக்கு அந்தப் பழைய பொருள் போதாது.

எபேசியருக்கு எழுதிய திருமுகத்திலே புனித சின்னப்பர் ஆன்மீகக் கவசத்தைப் பற்றிப் பேசுகின்றார். பலரும் அப்பகுதியை மட்டும் எடுத்து ஓதுவர். அதற்கு முன்னரே அவர் வளர்ச்சியைப் பேசிவிட்டார் என்பதைக் கவனிப்போர் சிலரே. அலையாலும் காற்றாலும் அலைக்கப்படும் குழந்தைகளாய் இராது முதிர்ச்சி அடையுங்கள் என்பது முதலில், கவசம் பின்னர். குழந்தைக்குப் போர்க்கவசம் சுமைதானே! அவரும் இதனை எழுதியபோது விலங்கு பூண்டவராயிருந்தார். காவலைப் பற்றி எழுதிய கையே கட்டுண்டிருந்தது.

இலங்கைத் திருச்சபையின் வரலாற்றில் இதற்குத் தெளிந்த சான்று உண்டு. 1658 இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைப்பட்டது. கத்தோலிக்கக் குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்போர்க்கு மரணதண்டனை என அறிவிக்கப்பட்டது. கோயில் இல்லை, குருவும் இல்லை. 1687 இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் இரவலர் கோலத்தில் வந்திறங்கினார். கழுத்திற் செபமாலை அணிந்து இல்லந்தோறும் இரந்து சென்று, அதனைக் கண்டு முகம் மாறுவோரைத் தேடினார். அவ்வாறு முகம் மாறியோர் இருந்தனர்! ஏறக்குறைய முப்பது ஆண்டு அவர்களைக் காத்தது மதிலன்று. வீட்டிலே தாய் சொல்லித் தந்த செபமேயாகும்.

அடிகளாரும் அந்த வழியிலேயே சென்றார். வன்னிக் காட்டையும் கரையையும் கடந்து ஒரு குரு எத்தனை ஊரைக் காண்பார்? ஆகவே ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். 1692 இல் கண்டியில் உளவாளி என ஐயுற்றுச் சிறையிடப்பட்டபோதும் பணியை விட்டாரல்லர். 1711 இல் கண்டியிலேயே உயிர்நீத்தார். 2015 தை 14 இல், கொழும்பிலே, பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் எனப் பிரகடனஞ் செய்து, அன்றே வன்னியின் மடுத்திருப்பதிக்கும் சென்றார்.

அவ்விழாவிற் பெயர் கூறப்படாதவர் அந்த அண்ணாவிமாரே. பொழுது சாய்ந்தபின் வாயிலில் ஒருவரைக் காவல் நிறுத்திவிட்டு, உள்ளே பிள்ளைகளை இருத்தி, தாழ்ந்த குரலிலே செபம் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்.