மகனுக்காக ஊர்தோறும் நடந்த தந்தை

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினருக்கு நிகழ்த்திய பிரசங்கம்)



தம் குழந்தை புத்திக் கூர்மை உடையதென்று அறிந்த பெற்றோருக்கு உண்டாகும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. வீட்டிற்கு வந்தவரிடமெல்லாம் அக்குழந்தையைப் பாட்டுச் சொல்லச் செய்தும், மனக்கணக்குப் போடச் செய்தும் பூரிப்படைவர். அப்பெருமை இயற்கையே; குற்றமன்று. ஆயினும் அது திண்ணைப் பேச்சோடு நின்றுவிடுமாயின் குழந்தைக்கு யாதொரு பயனுமில்லை. பெருமை கொண்ட பெற்றோர் எழுந்து நடத்தல் வேண்டும். அங்ஙனம் நடந்த ஒரு தந்தையின் வரலாறு கிராமவாசிகள் யாவரும் அறியத்தக்கது.

அக்காலத்துத் தஞ்சாவூர் ஜில்லாவில் பாபநாசத்திற்கு அருகே உத்தமதானபுரம் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரினரான வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். பெயர்பெற்ற கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். ஊர் ஊராகச் சென்று இராமாயணக் கதையை இசையோடு சொல்லி, அங்கங்கே கிடைக்கும் பொருளையும் நெல்லையும் கொண்டு குடும்பத்தை நடத்தி வந்தார். 1855-ம் வருஷத்தில் அவருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. அக்குழந்தையே பிற்காலத்தில் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் எனத் தமிழ்நாடு முழுதும் போற்றப்பெற்றவர்.

தம் மகன் சங்கீதத்தில் தேர்ச்சியடைய வேண்டுமென்பதே தந்தையின் விருப்பம். உறவினர் சிலரோ, ஆங்கிலம் படித்தால் உத்தியோகம் கிடைக்கும் என்றனர். வேறு சிலர் வடமொழி கற்பதே சிறப்பு என்றனர். சிறுவனுடைய மனமோ தமிழ்ச் செய்யுளையே நாடி நின்றது. தமிழ் படித்தால் சோறு கிடைக்குமா என்று பலரும் கேட்ட காலம் அது. பணமில்லாத தந்தைக்கு அக்கேள்வி எளியதன்று. ஆயினும் அவர் மகனுடைய நாட்டத்தை அடக்கிவிடவில்லை. சங்கீதத்தைத் தாமே கற்பித்துக்கொண்டு, தமிழ் சொல்லிக் கொடுப்பவர் எங்கே இருக்கின்றனர் என்று தேடத் தொடங்கினார்.

அந்நாளில் கிராமங்களில் உயர்தரப் பள்ளிக்கூடங்கள் இல்லை. கற்றறிந்தவர் ஓரூரில் ஒருவராக இருந்தனர். ஆதலின் ஆசிரியர் இருக்கும் ஊரே பள்ளிக்கூடமாயிற்று. அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும் சிறுவன் பாடங் கேட்டான். மகன் படிப்பின் பொருட்டுக் குடும்பமே இடம் பெயர்ந்தது. தாயார் சரஸ்வதி அம்மாள் சலிப்பின்றி ஊருக்கு ஊர் புதிய அடுப்பு மூட்டிக் குடித்தனம் நடத்தினார். அவ்வம்மையாரின் பொறுமையும் இவ்வரலாற்றில் ஒரு பாதியாகும்.

இங்கே அங்கத்தினர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இக்குடும்பம் அவ்வூர்களில் எவ்வாறு பிழைத்தது? ஊரார் கூடி ஆதரித்தனர். ஒருவர் இருக்க இடமளித்தார். மற்றவர்கள் நெல்லும் வேண்டிய பண்டங்களும் உதவினர். தந்தையார் அவர்களுக்கு இராமாயணம் சொன்னார்; மகன் அவ்வூர் வித்துவானிடம் படித்தான். தனியே ஒரு வீட்டாரால் தாங்க முடியாத செலவைப் பலர் பங்கிட்டுக்கொண்டபோது அது ஒருவருக்கும் பாரமாகத் தோன்றவில்லை. கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 1904-ம் வருஷத்துச் சட்டத்தின் பின்னர்த் தோன்றியவை. அதற்கு முப்பது வருஷங்களுக்கு முன்னரே இக்கிராமத்தார் கூட்டுறவின் உட்கருத்தை அனுபவத்தில் அறிந்திருந்தனர்.

செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்னும் பெருந்தனக்காரர் இருந்தார். அவர் யாப்பிலக்கணம் வல்லவர். அவரிடம் பாடங் கேட்ட பின்னர், மேலும் கற்பதற்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமே செல்ல வேண்டும் என்று அவரே எடுத்துரைத்தார். தம்மினும் பெரிய ஆசிரியரிடம் மாணவனை அனுப்பும் மனம் எல்லோருக்கும் வாய்ப்பதன்று.

1871-ம் வருஷத்தில், மகனுக்குப் பதினேழாம் பிராயம் நடக்கும்போது, இப்பொழுது மயிலாடுதுறை என வழங்கும் மாயூரத்திற்கு அவனை அழைத்துக்கொண்டு தந்தையார் சென்றார். பிள்ளையவர்கள் பாடஞ் சொல்ல இசைந்தார். அவர் கல்விக்குப் பொருள் வாங்குபவர் அல்லர். ஆயின் அவ்வூரில் மாணவனுடைய ஆகாரத்திற்கு வழி என்ன என்னும் கேள்வி எழுந்தது. கையில் பணமில்லாத வேங்கடசுப்பையர் அதனைத் தாமே ஏற்பாடு செய்துகொள்வதாகச் சொன்னார். பல வருஷங்களாகத் தேடியதைச் சாப்பாட்டுச் செலவின் பொருட்டு இழக்க அவர் மனம் உடன்படவில்லை.

மாயூரத்தில் மற்றொரு சோதனையும் நேர்ந்தது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் அங்கே இருந்தார். மகன் அவரிடம் சங்கீதம் கற்றுக்கொள்ள வேண்டுமென்று தந்தையார் விரும்பினார். அவ்வாறே பயிற்சியும் தொடங்கியது. தமிழாசிரியருக்கு அது உவப்பாக இல்லையென்று தெரிந்ததும் மகன் அப்பயிற்சியை நிறுத்திக்கொண்டான். பரம்பரைச் செல்வமாகிய இசை தம் மகனிடம் முழுதும் சேராமற் போவது அத்தந்தைக்கு எளிய இழப்பாக இருந்திராது. ஆயினும் அதன்பொருட்டு அவர் மகனைத் திருப்பி அழைத்துக்கொள்ளவில்லை.

இதன் பயன் என்ன? 1880-ம் வருஷத்தில் சாமிநாதையர் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதரானார். 1887-ம் வருஷத்தில் சீவகசிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார். இவ்விரண்டையும் காணத் தந்தையார் உயிரோடிருந்தார். அதன்பின் சிலப்பதிகாரம் 1892-லும், புறநானூறு 1894-லும், மணிமேகலை 1898-லும் ஏட்டுச் சுவடிகளினின்று அச்சேறின. கறையானுக்கு இரையாக இருந்த நூல்கள் இன்று பள்ளிப் பிள்ளைகள் கையில் இருக்கின்றன. குன்னத்தாரும் கார்குடியாரும் அளந்த நெல்லுக்குக் கிடைத்த வட்டி இதுவே.

இவ்வரலாற்றினால் அறியத்தக்கவை மூன்று.

முதலாவது, குழந்தையின் மனம் எதில் ஊன்றுகிறதென்று பெற்றோர் கவனித்தல் வேண்டும். தம் விருப்பத்தைச் சொல்லலாம். குழந்தையின் நாட்டத்தை முறித்தலாகாது.

இரண்டாவது, தமக்குத் தெரிந்ததைக் கற்பித்துவிட்டோம் என்று அமைந்துவிடாமல், தம்மினும் மிக்காரிடம் குழந்தையை ஒப்படைத்தல் வேண்டும். ஆண் குழந்தைக்குச் செய்வதைப் பெண் குழந்தைக்கும் குறைவின்றிச் செய்தல் வேண்டும்.

மூன்றாவது, ஏழை வீட்டில் பிறந்த கூரிய குழந்தையை அவ்வீட்டார் பொறுப்பென்று மட்டும் ஊரார் விட்டுவிடலாகாது. அறுவடைக் காலத்தில் அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு மரக்கால் நெல் ஒதுக்கினாலும் ஒரு பிள்ளையின் புத்தகச் செலவுக்கு உதவியாகும். அதற்கெனச் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் செய்தல் அரிய காரியமன்று.

மகனைப் பற்றி வேங்கடசுப்பையர் எத்தனை பேரிடம் புகழ்ந்து பேசினார் என்பதை இன்று ஒருவரும் கேட்பதில்லை. அவன் கல்விக்காக அவர் எத்தனை ஊர் நடந்தார் என்பதே நினைக்கப்படுகிறது. ஒவ்வொரு கிராமத்திலும் அத்தகைய பெற்றோர் பெருகுக; அவர்களுக்குத் துணையாக ஊராரும் நிற்பாராக.