ஆண்டுக்கு ஒரு கன்று: வில்லியனூர், பாகூர் கறவைகளின் நலமும் சினைப்பும்

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று என்பது கறவை வளர்ப்பில் நெடுநாளாக உள்ள இலக்கு. 365 நாளில் 280 கழிந்தால் மிச்சம் 85 நாள். ஈன்ற பசுவின் கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே 40 நாள் அளவுக்கு ஆகிறது. அடுத்த சினைக்கு 60 நாளாவது பொறுப்பது நல்லது என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. அப்படியானால் உண்மையில் கையில் இருப்பது 25 நாள். பருவம் 21 நாளுக்கு ஒருமுறை சுழன்று வருகிறது. ஆகவே பசுவுக்குக் கிடைப்பது ஒரு வாய்ப்பு, மிஞ்சினால் இரண்டு. அதில் ஒன்று கண்ணில் படாமல் போனால் இன்னும் மூன்று வாரத் தீவனம் வீண். மாடுகளின் இனப்பெருக்கம் பற்றிய ஆய்வு எத்தனை கிளையாகப் பிரிந்தாலும், ஊரில் அதன் பயன் இந்த 25 நாளில்தான் தெரியும்.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் மாடு வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு கறவை வைத்திருக்கும் குடும்பத்தினர். நெல்லும் கரும்பும் விளையும் ஊர்களில் வைக்கோலும் தோகையும் வரப்புப் புல்லும்தான் முதல் தீவனம். கொட்டகையில் நிற்பது பெரும்பாலும் ஜெர்சிக் கலப்பு. நிலமில்லாத வீட்டுக்குக் கறவை ஒன்றே நாள்தோறும் காசு தரும் சொத்து. பாலை வாங்கும் பாண்லே கூட்டுறவு ஒன்றியம் 1955இல் தொடங்கியது. 1994இல் ராஜீவ் காந்தி பெயரிலான கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. இரண்டும் வில்லியனூருக்கு அருகே குருமாம்பேட்டில், ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்தில் இருக்கின்றன. இந்த அண்மை பல மாவட்டங்களுக்கு வாய்க்காதது. ஆய்வுக்கூடத்துக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் இடையே இவ்வளவு குறைந்த தொலைவு இருக்கும்போது, கறவையின் சிக்கல்களை அந்தக் கொட்டகையிலேயே ஆராய முடியும்.

இந்தியாவில் செயற்கைமுறைக் கருவூட்டல் 1939இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத் குமரனால் தொடங்கப்பட்டது. 1942இல் இசத்நகர் கால்நடை ஆய்வு நிறுவனம் அதை முறையான ஆய்வாக எடுத்துக்கொண்டது. கிளிசரால் சேர்த்தால் விந்தணுக்கள் உறைநிலையிலும் உயிர் தாங்கும் என்று 1949இல் இங்கிலாந்தில் கண்டறிந்த பிறகே, காளை ஓரிடத்தில் இருக்க அதன் விந்து ஊர் ஊராகப் போவது இயன்றது. மக்கள் 'சினை ஊசி' என்று சொல்வது உண்மையில் ஊசியல்ல. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 பாகையில் கிடக்கும் 0.25 மில்லி உறைவிந்துக் குச்சி. அதை 37 பாகை வெந்நீரில் 30 விநாடி உருக்கி, உடனே செலுத்த வேண்டும். சட்டைப் பையில் வைத்தோ உள்ளங்கையில் தேய்த்தோ உருக்கிய குச்சியில் உயிரணுக்கள் பாதி வழியிலேயே மடிகின்றன. இந்தியக் கிராமங்களில் சினை பிடிக்கும் விகிதம் 35 விழுக்காட்டை ஒட்டியே நிற்பதாகப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. அதற்குப் பசு மட்டும் காரணமல்ல.

பெரிய காரணம் நேரம். பருவம் நீடிப்பது 12 முதல் 18 மணி நேரம். கருமுட்டை வெளிப்படுவது பருவ அறிகுறிகள் ஓய்ந்து 10, 12 மணி நேரம் கழித்து. காலையில் பருவம் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும் என்ற விதி 1940களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பெர்கர் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. விதி எளிது. ஆனால் அந்த ஆய்வு மந்தையில் நடந்தது. மந்தையில் ஒரு பசு மற்றொன்றின்மேல் தாவும்; தாவலுக்கு அசையாமல் நிற்கும் பசு பருவத்தில் உள்ளது என்று தூரத்திலிருந்தே அறியலாம். பாகூரில் ஒற்றைக் கயிற்றில் தனியே நிற்கும் பசுவுக்குத் தாவ எதுவும் இல்லை. காலில் கட்டும் அடி எண்ணும் கருவி, கழுத்துப் பட்டைக் கருவி எல்லாம் பெரும் பண்ணைக்கு ஏற்றவை. இங்கே கருவி, விடியற்காலையில் பால் கறக்கப் போகும் பெண்ணின் கண்தான். தரையில் வழும்பு கிடக்கிறதா, பசு கத்துகிறதா, தீவனத்தை விட்டுவிட்டு வாலைத் தூக்கி அடிக்கடி சிறுநீர் விடுகிறதா, பால் திடீரென்று குறைந்ததா என்று அவர் பார்ப்பதே பருவமறிதலின் முதல் படி.

வழும்பு சொல்லும் செய்தி இன்னும் நிறைய. கண்ணாடி போலத் தெளிவாகக் கயிறாகத் தொங்கினால் கருப்பை நலமாக இருக்கிறது. வெண்மையாகவோ சீழ் கலந்தோ வந்தால் உள்ளே தொற்று இருக்கிறது. அன்று ஊசி போடுவது வீண், முதலில் மருந்து வேண்டும். பருவம் கழிந்த இரண்டு மூன்று நாளில் சில பசுக்களுக்குச் சிறிது இரத்தம் வடியும். அதைக் கண்டதும் சினை கலைந்துவிட்டது என்று வீட்டார் மனம் உடைகிறார்கள். அது கலைவதற்கான அறிகுறியல்ல. பருவம் வந்து போயிற்று என்பதற்கான சான்று அது. ஊசி போடாத பசுவாக இருந்தால் அந்த நாளைக் குறித்துவைத்து, அங்கிருந்து 18, 19 நாளில் அடுத்த பருவத்தை எதிர்பார்க்கலாம். இவ்வளவு பயனுள்ள அறிவைச் சுவரில் மாட்டிய நாட்காட்டியும் ஒரு பென்சிலும் காக்கும். கோடையில் கடலோர வெக்கையும் புழுக்கமும் சேரும்போது கலப்பினப் பசுக்களில் பருவம் குறுகி, இரவிலேயே வந்து போய்விடுகிறது. எருமையிலோ கத்தலும் இல்லாத ஊமைப் பருவம் மிகுதி. கத்திரி வெயில் நாளில் விடிகாலையிலும் இரவு படுக்கப் போகுமுன்னும் ஒருமுறை கொட்டகைக்குப் போய்ப் பார்ப்பது எந்த மருந்தையும்விட மேலான பலன் தரும்.

அடுத்தது தீவனம். 'மாடு பருவத்துக்கே வரவில்லை' என்ற முறையீட்டின் பின்னால் பெரும்பாலும் இருப்பது வெறும் வைக்கோல். நெல் வைக்கோலில் புரதம் 3, 4 விழுக்காடுதான். மணிச்சத்து மிகக் குறைவு. அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஈன்ற முதல் இரண்டு மாதத்தில் பசு தின்பதைவிடக் கூடுதலாகப் பாலில் கொடுக்கிறது. அந்தப் பற்றாக்குறையை உடல் தன் கொழுப்பைக் கரைத்து ஈடுசெய்கிறது. இடுப்பெலும்பு துருத்தத் தொடங்கும்போது சினைப்பை ஓய்ந்துவிடுகிறது. அந்த உடலுக்கு இது நோயன்று. உயிர் காக்கும் ஏற்பாடு. நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை, பசும்புல், அகத்தி அல்லது வேலிமசால், அளவான தவிடும் புண்ணாக்கும் கொடுத்த பிறகே மற்ற சிகிச்சைகளுக்குப் பொருள் உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்தால் வைக்கோலின் சத்தும் செரிமானமும் கூடும் என்பது நன்கு நிறுவப்பட்ட முறை. இரண்டு மாடு உள்ள வீட்டுக்கு, அடைமழைக் காலத்தில், சிறிய அளவில் அதை எப்படிச் செய்வது என்பதே இன்னும் நன்றாக ஆராயப்பட வேண்டியது. கரைத்த யூரியாவை மாடு குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த எச்சரிக்கை முறையோடு சேர்ந்தே போக வேண்டும். மறுபக்கம், பாசத்தில் கொடுக்கும் சோறும் கஞ்சியும் பொங்கல் நாளில் பானையோடு ஊட்டும் பொங்கலும் வயிற்றில் அமிலம் மிகுந்து மாட்டைச் சாய்க்கின்றன.

ஈன்ற 12 மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழாவிட்டால் மருத்துவரை அழைக்க வேண்டும். கையால் இழுத்தெடுக்கும் பழக்கம் கருப்பையைக் கிழித்துச் சீழ் பிடிக்க வைக்கிறது. அடுத்த சினை தள்ளிப்போவது அங்கிருந்தே தொடங்குகிறது. மடி நோயையும் இனப்பெருக்கத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. மடியில் உண்டாகும் அழற்சி கருவைத் தாங்கும் மஞ்சள் உடலைக் கெடுத்து, சினை பிடிக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. கறந்து முடித்த அரை மணி நேரம் காம்பின் துளை திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் மாடு படுக்காமல் நிற்கும்படி தீவனம் போடுவது செலவில்லாத தடுப்பு. சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசும் மரபு மருத்துவத்தைத் தமிழ்நாட்டுக் கால்நடைப் பல்கலைக்கழக அறிஞர்கள் முறைப்படுத்தியுள்ளனர். பாலில் எதிருயிரி மருந்தின் எச்சம் கலக்கும் கவலை பெருகும் இக்காலத்தில் அது மேலும் ஆழமான ஆய்வுக்குத் தகுந்தது.

தொற்று நோய்களில் இவ்விரு கொம்யூன்களுக்கும் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. புதுச்சேரி ஊர்களும் கடலூர், விழுப்புரம் மாவட்ட ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. வரப்பைத் தாண்டினால் வேறு ஆட்சி, வேறு மருந்தகம். கோமாரி வைரசுக்கு அந்த வரப்பு இல்லை. வெக்கை நோய் என்னும் மாட்டுக் கொள்ளைநோய் இந்தியாவில் 2006இலும் உலகெங்கும் 2011இலும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதற்கு, எல்லை பாராமல் தடுப்பூசி போட்டதே அடிப்படை. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி போடப்படும் கோமாரித் தடுப்பூசியை இருபுறமும் ஒரே வாரத்தில் போடுவது அந்தப் பாடத்தின் நேரடிப் பயன். அதே திட்டத்தில் 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்குக் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி ஒருமுறை போடப்படுகிறது. அந்நோய் மனிதருக்கும் தொற்றும். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் அள்ளுபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்; அவருக்குக் கையுறை கொடுப்பதும் கால்நடை மருத்துவத்தின் கடமையே.

புதிய முறைகளும் வந்துள்ளன. 1995இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் உருவான பருவ ஒருங்கிணைப்பு முறையில் முதல் நாள், 7 நாள் கழித்து, 9 நாள் கழித்து என மூன்று ஹார்மோன் ஊசிகள் போட்டு, பருவம் பார்க்காமலே குறித்த நேரத்தில் கருவூட்டலாம். பெண் கன்றே 90 விழுக்காடு பிறக்கும் வகையில் பிரித்தெடுத்த விந்தும் கிடைக்கிறது. இரண்டும் நல்ல கருவிகள். ஆனால் எலும்பு துருத்திய பசுவில் ஹார்மோன் போடுவது பட்டினி கிடப்பவருக்குப் பசி மருந்து கொடுப்பது போன்றது. முதலில் தீவனம், பிறகு ஊசி என்ற வரிசை மாறக்கூடாது.

9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, மூன்று ஊர்களின் வருவாயை அங்கிருந்த கல்விச்சாலைக்கு ஒதுக்கியதைப் பதிவுசெய்கிறது. ஊர்கள் சோறிட்டு வளர்த்த கல்வி அது. மாடுகளின் இனப்பெருக்கம் பற்றிய கருத்தரங்குகளில் படிக்கப்படும் கட்டுரைகளும் ஊர்களுக்குக் கடன்பட்டவை. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதி, பால் ஊற்ற வரும் பெண்கள் படிக்கும்படி வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் பால் சங்கச் சுவர்களில் ஒட்டும் பொறுப்பைக் கட்டுரையாளர்களே ஏற்க வேண்டும். ஈன்ற நாள், பருவம் கண்ட நாள், ஊசி போட்ட நாள், குச்சியின் காளை எண், சினை உறுதியான நாள் ஆகிய ஐந்தையும் எழுத இடமுள்ள ஓர் அட்டை, ஒவ்வொரு கறவையின் தலைக்கு மேலும் தொங்க வேண்டும்.