கல்லெழுத்தும் கணினியெழுத்தும்

இளைஞர்களே, எழுத்து என்னும் சொல்லுக்கு ஒலி என்றும் பொருள் உண்டு. வடிவம் என்றும் பொருள் உண்டு. ஒலியெழுத்தைப் பற்றி வகுப்பறையில் வேண்டுமளவு கற்கிறீர்கள். வடிவத்தைப் பற்றிய பாடமோ சிலேட்டில் எழுதிப் பழகியதோடு முடிந்துவிடுகிறது. முன்னாளில் இதனால் பெரிய குறை நேரவில்லை. எந்த எழுத்தில் அச்சிடுவது என்பதை அச்சகத்தாரே பார்த்துக்கொண்டனர். இன்றோ கல்லூரி விழாவின் அழைப்பிதழையும், பள்ளி ஆண்டு மலரையும், ஊர்த் திருவிழாவின் சுவரொட்டியையும் நீங்களே கணினியில் அமைக்கிறீர்கள். எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் வகை வகையாக வந்து நிற்கின்றன. அவற்றுள் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு சுவரொட்டியைக் கண்டேன். 'பல் மருத்துவ முகாம்' என்பது அதன் தலைப்பு. அமைத்தவர் கலையார்வம் உடையவர்தாம். எழுத்துகளுக்குக் கொடிபோல் சுருள்கள் விட்டிருந்தார். ஆனால் புள்ளியைக் கடுகினும் சிறிதாக்கிவிட்டார். லகரத்தின் தலைமேல் நின்ற புள்ளி பத்தடித் தொலைவில் மறைந்துபோயிற்று. மக்கள் அதனைப் 'பல மருத்துவ முகாம்' என்று படித்தனர். கண் நோயுற்ற முதியவர் ஒருவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு, பேரனின் கையைப் பற்றிக்கொண்டு வெயிலில் நடந்து வந்தார். பல் மட்டுமே பார்க்கப்படும் என்ற விடையைப் பெற்றுத் திரும்பினார்.

அன்று முதல் எழுத்துருவை ஆராயும்போது நான் முதலில் அழகைப் பார்ப்பதில்லை. ஓர் எழுத்து மற்றோர் எழுத்தினின்று ஐயத்துக்கு இடமின்றி வேறுபட்டு நிற்கிறதா என்பதையே பார்க்கிறேன். அழகு வேண்டா என்பது என் கருத்தன்று. வேறுபாடு தெளிவாக அமைந்த எழுத்தில் அழகு பெரும்பாலும் தானாகவே வந்து அமர்கிறது.

இதனை உணர நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தகடூர் என்னும் பழம்பெயர் பூண்ட நம் தருமபுரியே போதும். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் பொறித்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு 1981-இல் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் கண்டறியப்பட்டது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன் என்று நூல்களில் மட்டும் அறிந்திருந்த ஒருவனைக் கல்லிலும் கண்டோம். அவ்வெழுத்து முறையைப் பாருங்கள். ககரம் வெறும் கூட்டல் குறி. ரகரம் செங்குத்தாக நிற்கும் ஒரு கோடு. உளி எளிதில் செல்லும் வழியே கோடுகள் செல்கின்றன. வேண்டாத ஒரு கீறலும் இல்லை.

அடுத்து, நம் நகரிலுள்ள தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். அங்கே நடுகற்கள் வைக்கப்பட்டுள்ளன. ஆநிரைப் பூசலில் வீழ்ந்த வீரர்க்கு எடுத்த கற்கள் இப்பகுதியில் மிகுதி. பல்லவர் காலத்து நடுகற்களில் வட்டெழுத்தைக் காணலாம். வீரனின் உருவத்தை வடித்தபின் எஞ்சிய இடத்தில், தலைக்கு மேலும் வில்லுக்குப் பக்கத்திலும், அரசன் பெயர், ஆட்சியாண்டு, வீழ்ந்தவன் பெயர், வீழ்ந்த காரணம் ஆகியவற்றைப் பொறித்திருப்பார்கள். செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல்லில் வீரனுக்கு அருகே அவன் நாயும் நிற்கிறது. கோவிவன் என்னும் அதன் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. படமும் எழுத்தும் ஒரே தளத்தில் இசைந்து நிற்க வேண்டும் என்று இன்று வரைகலை வகுப்பில் கற்பிக்கிறார்கள். சிற்றூர்க் கல்தச்சர் அதனை அன்றே செய்துவிட்டார்.

அந்த வட்டெழுத்துக்குப் பின்னாளில் நேர்ந்ததையும் நீங்கள் அறிய வேண்டும். விரைந்தும் வளைத்தும் எழுதி எழுதி, பகரம், வகரம் போன்றவை ஒன்றையொன்று ஒத்துப்போயின. படிப்பவர் தடுமாறினர். சோழர் ஆட்சி பரவியபோது தமிழ்நாட்டில் அதன் இடத்தைத் தமிழெழுத்து பிடித்துக்கொண்டதற்கு அரசியல் ஒரு காரணம். இந்த மயக்கமும் ஒரு காரணம் என்பர்.

ஓலையிலும் மயக்கம் இருந்தது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று அஞ்சிப் பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதினர். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு புலப்படவில்லை. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி அடையாளம் அமைத்துத் தந்தார். கேகாரத்தின் சுழித்த கொம்பைக் காணுந்தோறும் அவரை நினைக்கலாம்.

அச்சுத் தமிழின் கதை கொல்லத்தில் தொடங்குகிறது. 1578-இல் அங்கு வெளியான 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கமுள்ள சிறு நூல். கோவாவில் 1577-இல் வார்த்த எழுத்தும், கொல்லத்தில் 1578-இல் வார்த்த எழுத்தும் அதில் அருகருகே காட்டப்பட்டுள்ளன. தமிழ் அச்சு பிறந்தபோதே இரு எழுத்துருக்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கமும் பிறந்துவிட்டது! பின்னர்த் தரங்கம்பாடியில் சீகன்பால்கு நிறுவிய அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து எழுத்துகள் வந்தன. அவை அளவில் மிகப் பெரியன, காகிதத்தை விழுங்கின. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டனர். புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி நிறைவுற்றது. எழுத்தின் அளவைத் தாளின் விலையும் முடிவு செய்யும் என்பதை ஆண்டு மலர் அச்சிடும் மாணவர் நன்கறிவர்.

1978-இல் தமிழ்நாட்டரசு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியபோது நான் ஆசிரியப் பயிற்சி மாணவன். பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்டுவந்த சீர்திருத்தத்தில் ஒரு பகுதி அப்போது அரசாணையாயிற்று. யானைத் துதிக்கைபோல் மேலெழுந்து வளைந்த பழைய லை, னை முதலியவற்றைக் கற்றவன் புதிய வடிவத்தைக் கற்பிக்கத் தொடங்கினேன். அழகு போயிற்று என்று முதியோர் சிலர் வருந்தினர். எனக்கோ, ஆறு வயதுக் குழந்தை விதிவிலக்கின்றிக் கற்பதே பெரிதாகப்பட்டது. இன்று சில விளம்பரங்களில் அத்துதிக்கை பழமையின் அடையாளமாக மீண்டும் தோன்றுகிறது. கடையின் பெயரில் இருந்துவிட்டுப் போகட்டும். குழந்தைகள் படிக்கும் அறிவிப்பில் அது வேண்டா.

இனிக் கணினிக்கு வருவோம். முதலில் அது ஒருங்குறி எழுத்துருவா என்று கேளுங்கள். முன்னர் ஒவ்வோர் அச்சகமும் ஒவ்வொரு குறியீட்டு முறையைக் கையாண்டது. ஒருவர் அனுப்பிய கட்டுரை மற்றொருவர் கணினியில் பொருளற்ற குறிகளாகச் சிதறிற்று. 2010-இல் தமிழ்நாட்டரசும் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் ஆகியவை ஒருங்குறி எழுத்துருக்கள், விலையின்றிக் கிடைப்பவை. நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் கேட்டமரானாகி, எழுத்துருவின் பெயராகத் திரும்பி வந்திருப்பது எனக்கு மகிழ்ச்சியே. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். அவருடைய இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றது. பாலூ தம்பி தடித்த எழுத்து; தலைப்புக்கு ஏற்றது. அதிலேயே நான்கு பக்கக் கட்டுரையை அமைத்தால் படிப்பவர் முதற்பக்கத்திலேயே களைத்துவிடுவார்.

தேர்ந்த எழுத்துருவில் இச்சொற்களை அமைத்துப் பாருங்கள்: பல, பல், எடு, ஏடு, கொடு, கோடு, பணி, பனி, காரம், ஔவை. பணியும் பனியும் ஒன்றுபோல் தோன்றினால் அவ்வெழுத்துருவைத் தள்ளுக. காரத்தில் காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு அடியிலுள்ள சிறு கோடு ஒன்றே, அது தெரிகிறதா? ஔவையின் தலையெழுத்து, ஒகரமும் ளகரமும் பிரிந்து நிற்பதுபோல் தோன்றுகிறதா? திரையில் பார்த்தது போதாது. அச்சிடப்போகும் அளவிலேயே ஒரு தாளில் எடுத்து, சுவரொட்டியாயின் சுவரில் ஒட்டி, பதினைந்து அடி பின்னே சென்று படியுங்கள். கண்ணாடி அணிந்த பாட்டி வீட்டிலிருந்தால் அவரிடமும் காட்டுங்கள். அவரினும் சிறந்த தேர்வாளர் இல்லை.

ஆங்கில எழுத்துக்கு உரிய முறைகளை அப்படியே தமிழுக்கு ஏற்றுவது மற்றொரு பிழை. ஆங்கிலத்தில் சொல்லை வலியுறுத்தச் சாய்வெழுத்து உண்டு. தமிழில் அம்மரபு இல்லை. கணினி தானாகச் சாய்த்துத் தரும் தமிழெழுத்து காற்றில் சரிந்த வேலிபோல் நிற்கிறது. வலியுறுத்த வேண்டின் அளவைக் கூட்டுங்கள், அல்லது சற்றே தடித்த எழுத்தைக் கொள்ளுங்கள். மிகத் தடித்தால் ணகரத்தின் சுழிகளும் ஐகாரத்தின் உள்வெளிகளும் அடைபட்டுவிடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வரியில் இடம் போதவில்லையென்று எழுத்துகளைப் பக்கவாட்டில் நெரிப்பவர் பலர். அதைவிடச் சொற்களைக் குறைப்பது நலம். கீகாரத்தின் மேற்சுழிக்கும் கூகாரத்தின் கீழ்வளைவுக்கும் இடம் வேண்டும். ஆதலால் வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்கு விடுவதினும் சற்று மிகுதியாக வெளி விடுக.

புதிய வடிவங்களை எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். அரூரிலும் பாலக்கோட்டிலும் பழைய கடைச் சுவர்களைப் பாருங்கள். ஃபிளெக்ஸ் பலகைகள் வருமுன் தூரிகையால் எழுதிய பெயர்கள் இன்னும் சில சுவர்களில் எஞ்சியிருக்கும். வெள்ளையடிப்பதற்குள் படம் பிடித்துவிடுங்கள். தூரிகை எங்கே அழுந்தித் தடித்தது, எங்கே மெலிந்து திரும்பியது என்று பென்சிலால் தாளில் வரைந்து பார்த்தால் கை கற்றுக்கொள்ளும். நடுகல்லைக் காணச் செல்வோர் ஒரு கைவிளக்கும் கொண்டு செல்க. நேர் வெளிச்சத்தில் அவ்வெழுத்து புலப்படாது. விளக்கைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், உளி சென்ற வழி ஒவ்வொன்றும் நிழலோடு தெரியும்.